பயந்த வாய் சொன்ன சொல்

அத்தியாயம் பதினொன்று

கப்பல் ஐந்து மணிக்குக் கிளம்புகிறது. மொழிப்பள்ளியின் நிலவறையில் தொங்கிய கடிகாரம் பதினொன்றரை காட்டியது. அதற்குக் கீழே, சுவர் முழுக்க, இருநூற்றுப் பன்னிரண்டு ஷூ பெட்டிகள். பெட்டிக்கு முந்நூறு அட்டை என்று வைத்தாலும் அறுபதாயிரத்தைத் தாண்டுகிறது. அதில் ஒரே ஓர் அட்டை ஒரு மனிதனின் கழுத்தைக் காப்பாற்றும். அப்படி ஓர் அட்டை இல்லாமலும் இருக்கலாம்.

"அத்தான், பேராசிரியர் மனுஷனா மரவட்டையா? இவ்வளவு ஷூ எந்தக் காலுக்கு?" என்றான் ரேடியோ.

யாரும் சிரிக்கவில்லை. ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. தூக்கத்தில்கூட அணைக்க முடியாத வாய் என்று அவன் அக்காதான் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தாள். அவளைக் கட்டியவர்தான் துப்பறியும் ஒட்டடைக்குச்சி. ஆள் உயரம், சதை கிடையாது. ஊர் மூலையில் யார் கண்ணுக்கும் எட்டாத அழுக்கையெல்லாம் எட்டி அடித்துக் கீழே தள்ளுவதே தொழில். பெயர் பொருந்திவிட்டது. சுருக்கமாகக் குச்சி. ஆறு வருஷமாக அவருக்கு எடுபிடி ரேடியோ. விளையாட்டுப் பேச்சால் ஆகாத காரியம் ஒன்றும் உலகத்தில் இல்லை என்று அதுவரை நம்பியிருந்தான்.

படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. அவள் மூன்று நாளாகத் தூங்கவில்லை. காலை ஆறு மணிக்குக் குச்சியின் கதவைத் தட்டியவள் அவள்தான். கணவர் அச்சகத்தில் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்துப் பக்கமாக்குகிறவர். பிறப்பால் அக்கரைக்காரர். போரில் அக்கரைப் படையோடு வந்து, பிடிபட்டு, கைதி முகாமில் கிடந்து, போர் முடிந்ததும் திரும்பிப் போகாமல் இங்கேயே இவளைக் கட்டிக்கொண்டு பதினாலு வருஷம் ஆகிறது.

எட்டு நாளுக்கு முன்பு அவர் மேல் ஒரு புகார் வந்தது. போர் முடிய ஒரு மாதம் இருந்தபோது, மார்ச் ஒன்பதாம் தேதி, படகுத்துறைக் கிடங்கைப் பூட்டி எரித்துப் பதினோரு பேரைக் கொன்ற சிப்பாய் இவர்தான் என்று. புகார் கொடுத்தவர் சாதாரண ஆள் இல்லை, கல்வி அதிகாரி; அடுத்த மாதம் இயக்குநர் ஆகப்போகிறவர். போர்க்காலத்தில் அந்தப் படகுத்துறையில் குமாஸ்தாவாக இருந்தாராம், கண்ணால் பார்த்தாராம். கிடங்கை எரித்தவர்களை விசாரித்துத் தூக்கில் போட இப்போது அக்கரையிலேயே ஒரு நீதிமன்றம் உட்கார்ந்திருக்கிறது. அங்கே போன ஒருவரும் திரும்பி வந்ததில்லை. இன்று ஐந்து மணிக் கப்பலில் இவரையும் அங்கே அனுப்புகிறார்கள்.

"அவர் ஜனவரியிலயே புடிபட்டாரு. மார்ச்ல முகாம்லதான் இருந்தாரு. அது படகுத்துறைல இருந்து ரயில்ல ஒன்றரை நாள். பேராசிரியருக்குத் தெரியும் சார்" என்றாள் அவள், நூறாவது தடவையாக.

பேராசிரியருக்குத் தெரியும். அதுதான் கொடுமை. ஒன்பது மொழி படித்த அந்த மனிதரைப் போர் வந்ததும் பிடித்து உடுப்பு மாட்டி, உளவுப் பிரிவில் உட்கார வைத்து, கைதிகளை விசாரிக்கச் சொன்னார்கள். போர் முடிந்ததும் உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இந்தப் பள்ளியைத் தொடங்கினார். அக்கரை மொழிக்கு ஓர் அகராதி எழுதினார். அகராதி அச்சில் பாதி ஏறியிருக்கும்போது, இரண்டு வாரத்துக்கு முன்பு, பக்கவாதம் அடித்தது. வலது கை விழுந்தது. ஒன்பது மொழியும் போய் ஒரே ஒரு சொல் மிஞ்சியது. எதைக் கேட்டாலும் "சரி" என்கிறார். பசிக்கிறதா என்றால் சரி. ஜன்னலை மூடவா என்றால் சரி. மாஜிஸ்திரேட் வந்து "இவர் மார்ச்சில் உங்கள் முகாமில் இருந்தாரா?" என்று கேட்டபோதும் சரி என்றார். "இல்லையா?" என்று கேட்டபோதும் சரி என்றார். மாஜிஸ்திரேட் பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

"முகாம் ரிஜிஸ்டர் எல்லாம் எரிஞ்சு போச்சு. மிச்சம் இந்த அட்டைங்கதான்" என்றாள் பேராசிரியரின் மகள். பள்ளியில் பாடமும் எடுத்து நூலகத்தையும் பார்த்துக்கொள்கிறவள், ஊருக்கே டீச்சர். ஒரு பெட்டியைத் திறந்து ஓர் அட்டையை நீட்டினாள். "மேல சொல்லும் பொருளும். கீழ நாலு விஷயம் இருக்கும். இடம், நாள், வாய், காது. அப்பாவோட சட்டம். இந்த நாலும் இல்லாத அட்டையை அவர் தொடவே மாட்டார்."

"வாய் சரி. அது என்னங்க காது?" என்றான் ரேடியோ.

"வாய்னா சொன்னவர். கைதிங்களுக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். காதுன்னா கேட்டு எழுதின ஆபீசர், ஆளுக்கு ஒரு குறி. இந்த வட்டம் அப்பாவோடது. மத்த குறியெல்லாம் யாரோடதுன்னு எனக்குத் தெரியாது. யார் யார் அவர்கிட்ட வேலை பார்த்தாங்கன்னு வீட்ல ஒரு வார்த்தை சொன்னதில்லை."

கம்பாசிட்டரின் நம்பர் நானூற்றுப் பதினேழு. அறுபதாயிரம் அட்டையும் பொருளின் அகரவரிசையில் இருந்தன, நாள் வரிசையில் இல்லை. கல்லில் நார் உரிக்கிற வேலை. ரேடியோ கையைப் பிசைந்தான். குச்சி மட்டும் பெட்டிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தார்.

"மாப்பிள்ளை, நீ தச்சன்கிட்ட போனா என்ன வார்த்தை கத்துக்குவே?"

"கடன் வாங்கின உளியைத் திருப்பிக் கொடுடாங்கிற வார்த்தை."

"இழைப்புளி, வாய்ச்சி, அரம். அவன் தொழில் வார்த்தையைத்தானே கேட்பே? நம்ம ஆள் அங்கேயும் கம்பாசிட்டர். ஈயம், மை, உருளை, காகிதம். அந்தப் பெட்டிகளை எடு."

அரை மணியில் கிடைத்துவிட்டது. ஈயம்: வாய் 417. மை: வாய் 417. எழுத்துக் கேஸ்: வாய் 417. ரேடியோ ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு குதி குதித்தான். பத்தொன்பது அட்டைகளை மேஜையில் நாள் வரிசையில் பரப்பியபோது குதிப்பது நின்றது.

பத்தொன்பதும் ஏப்ரல். முதல் அட்டை ஏப்ரல் இரண்டு. அதற்கு முன்பு 417 என்ற வாய் எங்கேயும் பேசவில்லை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்த கதை இதுதான். கிடங்கு எரிந்தது மார்ச் ஒன்பது. இவர் முகாமுக்கு வந்தது ஏப்ரலில் என்று அட்டையே சாட்சி சொல்கிறது. கல்வி அதிகாரி காசு கொடுத்து எழுதியிருந்தாலும் தமக்கு இவ்வளவு சாதகமாக எழுதியிருக்க மாட்டார்.

ரேடியோ சத்தமில்லாமல் அந்த முதல் அட்டையைச் சட்டைப்பைக்குள் நழுவவிட்டான்.

"எடுத்த இடத்துல வை" என்றார் குச்சி, திரும்பாமலே.

"அத்தான், இதை யாராவது பார்த்தா அந்த ஆள் செத்தார்."

"நாம ஒளிச்சா, நாளைக்கு நிஜ அட்டை கிடைச்சாலும் எவனும் நம்ப மாட்டான். வை."

வைத்தான். படிக்கட்டுப் பக்கம் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஆனால் அவளுக்கு முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது. வாய்விட்டு அழவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவரில் தலையைச் சாய்த்தாள். மணி ஒன்று ஆகியிருந்தது.

குச்சி அவளுக்கு இரண்டு படி கீழே போய் உட்கார்ந்தார். "அம்மா, புகார் வர்றதுக்கு முன்னாடி உன் வீட்டுக்காரர் வழக்கத்துக்கு மாறா ஏதாவது செஞ்சாரா? எவ்வளவு சின்னதா இருந்தாலும் சொல்லு."

அவள் யோசித்தாள். "பதினாலு வருஷத்துல ஒரு எழுத்து அவர் கையில இருந்து கீழ விழுந்ததில்லை சார். இருபது நாள் முன்னாடி எழுத்து அடுக்கற கேஸ் ஒண்ணை முழுக்கக் கொட்டிட்டாரு. விடியவிடியப் பொறுக்கினாரு."

"எதனால?"

"சொல்லலை. முன் ரூம்ல முதலாளிகிட்ட கல்வி அதிகாரி பாடப்புத்தகம் அச்சடிக்கிறதைப் பத்திப் பேசிட்டிருந்தாராம். இவர் பின்கட்டுல. ஆளைப் பார்க்கக்கூட இல்லை. வீட்டுக்கு வந்து சோறு திங்காம, 'பழைய குரல் ஒண்ணு கேட்டேன்'னாரு. அவ்வளவுதான்."

குச்சியின் நீண்ட கழுத்து டீச்சர் பக்கம் திரும்பியது. "கல்வி அதிகாரி இங்க வருவாரா டீச்சர்?"

"அப்பா படுத்ததும் வந்தார். பழங்கள் வாங்கிட்டு வந்து பக்கத்துல உட்கார்ந்து அவ்வளவு பிரியமாப் பேசினார். கிளம்பும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்."

"என்ன?"

"'இடது கையால எழுதிப் பழகுவாரா?'ன்னு. டாக்டர் வாய்ப்பில்லைன்னு சொல்லிட்டார்னு சொன்னேன்." அவள் குரல் மெல்ல இறங்கியது. "மறுநாள்தான் அந்தப் புகார்."

புகார் கொடுத்தவர் யார், அவர் குரலைக் கேட்டு ஒரு மனிதனின் கை ஏன் நடுங்க வேண்டும் என்று இப்போது ரேடியோவுக்கு ஓரளவு தெரிந்தது. தெரிந்து என்ன பயன்? குரலை யாரும் சட்டப்படி முத்திரை குத்திக் கோப்பில் வைக்க மாட்டார்கள்.

குச்சி மேஜையிலிருந்த அகராதிப் புரூஃபைப் புரட்டிக்கொண்டிருந்தார். முன்னுரையில் நின்றார். சத்தமாகப் படித்தார். "'இந்நூலில் பயந்த வாய் சொன்ன சொல் ஒன்றுகூட இல்லை. அச்சத்தில் இருப்பவன் கேட்பவர் விரும்பியதையே சொல்வான். அவன் சொல் சான்றாகாது.' டீச்சர், அப்படின்னா பயந்த வாய் சொன்னதை எல்லாம் எழுதி, அப்புறம் தனியா எடுத்திருக்கணும். அந்த அட்டைங்க எங்கே?"

"தூக்கிப் போட்டிருப்பார்."

"உங்க அப்பாவா? ஷூ பெட்டியைக்கூடத் தூக்கிப் போடாதவரா?"

"போர் முடிஞ்ச வருஷம் காகிதமே கிடைக்கலை சார். இருந்த ஒவ்வொரு துண்டையும்…" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். அடுத்த நொடி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி ஓடினாள். மூவரும் பின்னால் ஓடினார்கள்.

நூலகத்தில் அவள் கைக்கு வந்த ஒரு புத்தகத்தை இழுத்து அதன் பின்பக்க மேலட்டையைத் திறந்தாள். அங்கே ஒட்டியிருந்த காகிதப் பையில் இரவல் அட்டை ஒன்று செருகியிருந்தது. யார் எடுத்தார்கள், எந்தத் தேதியில் எடுத்தார்கள் என்று வரிசையாகக் கையெழுத்துகள். அதை உருவித் திருப்பினாள்.

மறுபக்கத்தில், பழுப்பு மையில், ஒரு சொல். அதன் பொருள். இடம். நாள். வாய். காது.

"நான்தான் செருகினேன்" என்றாள் டீச்சர். "வெத்துப் பக்கம் மேலே இருக்கிற மாதிரி கட்டாக் கட்டிக் கொடுத்தார். 'பின்பக்கம் வீண், பார்க்காதே'ன்னார். நான் பார்க்கலை. பதினாலு வருஷமா இதுல பிள்ளைங்க கையெழுத்துப் போட்டுட்டிருக்காங்க."

ரேடியோ புத்தக அடுக்குகளைப் பார்த்தான். ஆயிரத்து நானூறு புத்தகம். பயந்த வாய் ஆயிரத்து நானூறு.

குச்சி ஆளுக்கு ஒரு புத்தகம் எடுக்கச் சொன்னார். நூலக எண் பன்னிரண்டில் அட்டை ஜனவரி நான்கு. எண் நூற்றி இருபதில் ஜனவரி பதினேழு. எண் ஆயிரத்தில் மார்ச் முப்பது. குச்சியின் கண் பளிச்சிட்டது. "கட்டு நாள் வரிசைல இருந்திருக்கு. டீச்சர் மேலே இருந்து ஒவ்வொண்ணா எடுத்து, புத்தக நம்பர் வரிசைல செருகியிருக்காங்க. அறுநூறைப் பாரு மாப்பிள்ளை!"

"மார்ச் ஏழு!"

"அறுநூத்தி இருபது?"

"மார்ச் பன்னண்டு!"

"உள்ள வா, உள்ள வா!"

"அறுநூத்தி ஒன்பது, மார்ச் எட்டு. அறுநூத்திப் பத்து, மார்ச் ஒன்பது அத்தான்! ஆனா வாய் முந்நூத்தி எண்பத்தெட்டு. இவர் இல்லை. அறுநூத்திப் பன்னண்டு, மார்ச் பத்து." ரேடியோ அடுக்கில் கையை விட்டுத் துழாவினான். "பதினொண்ணு… பதினொண்ணு இல்லை. புத்தகமே இல்லை!"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. அடுக்கில் ஒரு பல் விழுந்த மாதிரி இடைவெளி. மணி மூன்று பத்து. கம்பாசிட்டரின் மனைவி அந்த இடைவெளிக்குள் கையை விட்டுப் பார்த்தாள், அங்கே இல்லாத ஒன்று தொட்டால் கிடைத்துவிடும் என்பதுபோல.

"இரவல் போயிருக்கு" என்றாள் டீச்சர். "புத்தகம்தான் போகும். அட்டை இங்கேயே இருக்கும்!" அவள் மேஜை இழுப்பறையைப் பிடித்து இழுத்த வேகத்தில் அது கழன்று தரையில் விழுந்தது. சிதறிய அட்டைகளில் நாலு பேரும் மண்டியிட்டார்கள். ரேடியோதான் எடுத்தான். 611.

ஒரு பக்கத்தில் பதினாலு வருஷத்துக் கையெழுத்துகள். முதல் இரவல், பள்ளி தொடங்கிய ஆண்டின் தேதியோடு. கடைசிக் கையெழுத்தைப் பார்த்ததும் கம்பாசிட்டரின் மனைவி "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அது அவள் கணவருடையது. மூன்று வாரத்துக்கு முன்பு எடுத்திருக்கிறார். படிக்க எடுத்த கதைப் புத்தகத்துக்கு, எழுத்து எழுத்தாக, நிதானமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

ரேடியோ அட்டையைத் திருப்பினான். இடம்: முகாம். நாள்: மார்ச் 9. வாய்: 417. காது: கொக்கிபோல ஒரு வளைவு, அதன் அடியில் இரண்டு புள்ளி.

மேலே அக்கரை மொழியில் ஒரு சொல். பக்கத்தில் நம் மொழியில் பொருள்: தண்ணீர். அதற்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: "இவன் ஊர்ப்பக்கம் மட்டும் வழங்குவது. பலமுறை சொன்னான்."

பலமுறை சொன்னான். கேட்டவர் எழுதிக்கொண்டார். அந்த இரண்டு வரியை டீச்சரால் ஒரு தடவைக்கு மேல் படிக்க முடியவில்லை. அழுகையும் கோபமுமாகச் சொன்னாள், "அப்பா இதைப் படிச்சிருக்கார். படிச்சுட்டு, சொல்லுதான் ஆகாதுன்னு தள்ளி வெச்சிருக்கார். எழுதினவனைத் தள்ளி வைக்கலை."

துறைமுகத்துக்கு வாடகைக் கார் போய்ச் சேர நாலரை ஆகிவிட்டது. ஒப்படைப்பு அலுவலகம் மீன் வாடையும் அரக்கு வாடையும் அடிக்கிற ஒரு நீள அறை. மாஜிஸ்திரேட் மேஜையில் உத்தரவு தயாராக இருந்தது. கல்வி அதிகாரி வெள்ளைச் சட்டை கசங்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜன்னலோர பெஞ்சில், கையில் விலங்கோடு, கம்பாசிட்டர். விரல் நுனிகளில் ஈயக் கறுப்பு இன்னும் போகவில்லை. கல்வி அதிகாரி தொண்டையைச் செருமும் ஒவ்வொரு தடவையும் அந்த விரல்கள் தாமாகவே மடங்கின.

ரேடியோ அட்டையைப் பற்றிக் கத்த வாயைத் திறந்தான். குச்சி அவன் காலை மிதித்தார். லேசாக இல்லை.

"ஐயா, இந்தக் கேஸ்ல இனி எங்களால ஆகிறது ஒண்ணுமில்லை" என்றார் குச்சி மாஜிஸ்திரேட்டிடம், தலையைத் தொங்கவிட்டு. "ஒரே ஒரு விஷயம். புகார்ல 'காலையில் படகுத்துறையில் இருந்தேன்'னு இருக்கு. கிடங்கு எரிஞ்சது சாயங்காலம். அக்கரை கோர்ட்ல இதையே புடிச்சுக்கிட்டு வழக்கைத் தள்ளிடுவாங்க. அப்புறம் உங்களுக்குத்தான் கெட்ட பேர்."

கம்பாசிட்டரின் மனைவி குச்சியை வெறித்துப் பார்த்தாள். "சார்! யார் பக்கம் பேசறீங்க நீங்க?" என்று கத்தினாள். கான்ஸ்டபிள் அவளைத் தோளைப் பிடித்து நிறுத்தினான். ரேடியோவுக்கே ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அக்கா புருஷனை ஓங்கி ஒன்று விடலாமா என்று தோன்றியது.

மாஜிஸ்திரேட் புகாரைப் புரட்டினார். "ஆமா, ஓட்டைதான். சார், நீங்க அன்னிக்கு எப்ப வரைக்கும் அங்க இருந்தீங்க?"

"காலை முதல் மாலை வரை. நகரவே இல்லை. எரியறதைக் கண்ணால பார்த்தேனே" என்றார் கல்வி அதிகாரி. பெருந்தன்மையோடு பேனாவைத் திறந்தார். 'காலையில்' என்பதை அடித்தார். மேலே திருத்தி எழுதினார். முப்பது வருஷம் கோப்புக்குள் வாழ்ந்த மனிதர். அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டாக வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கை தானாகப் போட்டது.

கொக்கிபோல ஒரு வளைவு. அடியில் இரண்டு புள்ளி.

குச்சி அட்டை 611-ஐ அந்தத் திருத்தத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அவ்வளவுதான் செய்தார். மிச்சத்தை மாஜிஸ்திரேட்டின் மூக்குக்கண்ணாடி பார்த்துக்கொண்டது. வாய், காது என்றால் என்ன என்று டீச்சர் இரண்டே வாக்கியத்தில் சொன்னாள்.

"இது… இதை யாரும் வரையலாம்" என்றார் கல்வி அதிகாரி. "நேத்து எழுதியிருக்கலாம்."

"திருப்பிப் பாருங்க ஐயா" என்றார் குச்சி. "இந்தப் பக்கம் மை பழுப்பேறிப் போச்சு, பின்னாடி பதினாலு வருஷத்துத் தேதி. இத்தனை பிள்ளைங்களும் கூடிப் பொய்க் கையெழுத்துப் போட்டாங்களா? இவர் அன்னிக்குப் படகுத்துறைல இல்லை, முகாம்ல இருந்தார். தனியா இல்லை; நானூத்திப் பதினேழாம் நம்பர் கைதியோட இருந்தார். கண்ணைக் கட்டி. அதனால அவருக்கு இவர் முகம் தெரியாது, குரல்தான் தெரியும். அச்சகத்துல அந்தக் குரலைக் கேட்டு எழுத்துக் கேஸ் கொட்டிச்சு. கொட்டினது யாருன்னு இவரும் பார்த்துட்டார்."

"இவருக்கு அடுத்த மாசம் இயக்குநர் பதவி" என்றான் ரேடியோ. நிறுத்த முடியவில்லை. "வாய் திறக்கிறதுக்கு முன்னாடி ஆளையே கப்பல்ல ஏத்திடலாம்னு பார்த்தார். நுணலும் தன் வாயால் கெடும்பாங்க. இது கையால கெட்ட நுணல்!"

வெளியே கப்பல் ஊதியது. மாஜிஸ்திரேட் உத்தரவை எடுத்து, நாலாக மடித்து, தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "விலங்கைக் கழற்று" என்றார் கான்ஸ்டபிளிடம். "சார், நீங்க உட்காருங்க. எழுந்திரிக்க வேண்டாம்."

கம்பாசிட்டர் எழுந்து வந்து மேஜையில் கிடந்த அட்டையைப் பார்த்தார். தம் கையெழுத்தைப் பார்த்தார். திருப்பினார். மனைவி அவர் கையைப் பிடித்தபோதுதான் பேசினார்.

"அன்னிக்குத் தண்ணிதான் கேட்டேன். பேனா காகிதத்துல கீச்சுக் கீச்சுன்னு போற சத்தம் மட்டும் கேட்டுச்சு. என்ன எழுதறாங்கன்னு இத்தனை வருஷம் தெரியாது."

அவர் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பேராசிரியரின் அறைக்கு வந்தார். கிழவர் தலையணையில் சாய்ந்திருந்தார். கட்டில் பக்கத்து ஸ்டூலில் ஒரு தம்ளர் தண்ணீர். மற்றவர்கள் வாசலிலேயே நின்றார்கள்.

"சார், உங்க அகராதியைக் கோக்கும்போது என் வார்த்தையெல்லாம் தேடினேன்" என்றார் கம்பாசிட்டர். "ஏப்ரல்ல நாற்காலி போட்டு, சிகரெட் குடுத்து நீங்க கேட்டதெல்லாம் இருந்துச்சு. அதுக்கு முன்னாடி சொன்னது ஒண்ணுகூட இல்லை. அதுக்கு முன்னாடி எனக்கு என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"சரி" என்றார் பேராசிரியர். கண்ணீர் காது வரை வழிந்தது. அந்த ஒரு தடவை அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

"பயந்துதான் சொன்னேன். ஆனா பொய் சொல்லலை சார். எங்க அம்மா அந்த வார்த்தையைத்தான் சொல்லுவா."

அவர் அந்தச் சொல்லைச் சொன்னார். நிதானமாக, ஒரே ஒரு முறை. டீச்சர் மேஜையிலிருந்து வெற்று அட்டை ஒன்றை எடுத்தாள். சொல் எழுதினாள். பொருள் எழுதினாள். இடம்: வீடு. நாள்: இன்று. வாய் என்ற இடத்தில் நம்பர் போடாமல் அவருடைய முழுப் பெயரை எழுதினாள். காது என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி அப்பாவைப் பார்த்தாள்.

பேராசிரியர் அவளைப் பார்க்கவில்லை. அவருடைய இடது கை போர்வைக்கு வெளியே வந்தது. ஸ்டூல் மேல் ஊர்ந்து, தம்ளரைத் தொட்டு, சிந்தச் சிந்த, கம்பாசிட்டர் பக்கம் நகர்த்தியது.

கம்பாசிட்டர் அதை எடுத்துக் குடித்தார். டீச்சர் கடைசி வரியில் ஒரு வட்டம் போட்டாள். ரேடியோ ஒன்றும் பேசவில்லை.